ரெண்டாவது மூளை ஓகே... சுக்கான் யார் கையில?

உங்க டீம்லயும் இந்தச் சண்டை வந்திருக்கும். ‘மெயின் போர்டுக்கு மூச்சு வாங்குது மச்சி... கேமராவுக்குத் தனியா இன்னொரு போர்டு வெச்சிடலாம்’னு ஒருத்தர் ஆரம்பிப்பார். ‘ரூல் புக்குல ஒரே கன்ட்ரோலர்னு போட்டிருக்கு. இன்ஸ்பெக்‌ஷன்லயே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாங்க’ன்னு இன்னொருத்தர் அலறுவார். மூணாவது ஆள் எந்தப் பக்கமும் சாயாம டீ வாங்கக் கிளம்பிடுவார்.

இந்த வாரம் அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துடலாம். அதுக்கு லேபுக்குள்ள உட்கார வேண்டாம், வாங்க... பழவேற்காடு போவோம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி வழியா போனா, ரோடு முடியற இடத்துல ஏரி ஆரம்பிக்கும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திராவுக்குள்ள இருக்கு. தெற்கு ஓரம் மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டம். 1613-ல் டச்சுக்காரங்க கோட்டை கட்டின ஊர். பூநாரை பார்க்கவும், நண்டு வறுவல் சாப்பிடவும் நீங்க ட்ரிப் அடிச்சிருப்பீங்க. நான் போனது வேற மேட்டருக்கு. தெரிஞ்ச பசங்க நாலு பேர், வேற வேற காலேஜ், சேர்ந்து ஒரு ஆளில்லா குட்டிப் படகு பண்ணியிருந்தாங்க. நாலடி நீளம், ரெண்டு மோட்டார். போட்டியில அது தானாகவே மிதவைகளைப் பார்த்து, அதுங்களுக்கு நடுவுல புகுந்து வரணும். டீம்ல ஒருத்தன் கோட்டைக்குப்பத்துக்காரன். அதனால டெஸ்ட்டிங் நம்ம ஏரியில!

அவங்க மெயின் போர்டு அர்டுயினோ மெகா. நல்ல பிள்ளை. மோட்டாருக்கு நேரம் தவறாம சிக்னல் அனுப்பும், திசைகாட்டியைப் படிக்கும், சொன்னதைச் செய்யும். ஆனா அதோட ரேம் எவ்வளவு தெரியுமா? வெறும் 8 கிலோபைட். 640-க்கு 480 அளவுல ஒரு கறுப்பு வெள்ளைப் படம்னு வெச்சுக்கிட்டாலே 3,07,200 பைட் வேணும். அதாவது, ஒரே ஒரு ஃபோட்டோவைக்கூட அதால முழுசா மனசுல வெச்சுக்க முடியாது. அப்புறம் எங்க இருந்து மிதவையைக் கண்டுபிடிக்கிறது? ஆக, இன்னொரு போர்டு தேவைன்னு சொன்னவர் கட்சி தப்பே இல்லை. லினக்ஸ் ஓடுற ஒரு குட்டி கம்ப்யூட்டரை கேமராவோட சேர்த்து மாட்டிட்டாங்க.

வம்பு அடுத்த ஸ்டெப்ல வந்தது. கேமரா போர்டு மிதவையைப் பார்த்து, அதை மெயின் போர்டுக்குச் சொல்லி, அது மோட்டாருக்குச் சொல்லி... ‘இதுக்குள்ள மிதவையே தாண்டிப் போயிடுது’ன்னு ஒரு நண்பர் ஷார்ட்கட் கண்டுபிடிச்சார். வலது பக்க மோட்டாரை நேரா கேமரா போர்டு கிட்டயே கொடுத்துட்டார். இடது மோட்டார் மெயின் போர்டு கிட்ட. காலேஜ் தொட்டியில படகு சும்மா பறந்துச்சாம்.

ஏரியில என்ன நடந்ததுன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணியைப் பத்தி ரெண்டு வரி. பழவேற்காடு ஏரி கடல் மாதிரி விரிஞ்சு கிடக்குமே தவிர, சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான் தேறும். அதனால ஏரியில படகு மட்டும் இல்லை, மனுஷங்களும் இருப்பாங்க. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துக்குள்ள கையால தடவித் தடவி இறால் பிடிக்கிறவங்க. பனையோலைப் பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு, ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கும். அவங்க வேலை செய்யற அதே உயரத்துலதான் நம்ம ரோபோவோட ப்ரொப்பெல்லர் சுத்துது. யோசிச்சுப் பாருங்க.

படகு முதல் ரெண்டு ரவுண்டு சமர்த்தா போச்சு. மூணாவது ரவுண்டுல கேமரா போர்டு உறைஞ்சு போச்சு. ஹேங்! கரையில இருந்த பொண்ணு (கோடிங் டிபார்ட்மென்ட்) உடனே ரிமோட்டுல ஸ்டாப் பட்டனை அழுத்தினாங்க. மெயின் போர்டுக்கு அது கேட்டுச்சு. கட்டளைப்படி தன் மோட்டாரை நிறுத்திடுச்சு. தன் மோட்டாரை மட்டும்! வலது மோட்டாருக்கு சிக்னல் கொடுத்தது ஒரு தனி பி.டபிள்யூ.எம். சிப். பி.சி.ஏ. 9685-ன்னு கடையில கேட்டா கிடைக்குமே, அது. மேலே இருக்கிற கம்ப்யூட்டர் செத்தாலும், கடைசியா வாங்கின உத்தரவை அது பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதோட சுபாவம் அப்படி. கடைசி உத்தரவு ஃபுல் ஸ்பீடு. ஒரு பக்கம் நின்னு, ஒரு பக்கம் ஓடினா என்ன ஆகும்? கோயில் திருவிழா ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே காத்துக்கு நகர ஆரம்பிச்சுடுச்சு படகு. முப்பது நாப்பது அடி தள்ளி நாலஞ்சு பேர் இறால் தடவிக்கிட்டு இருந்தாங்க.

நல்ல காலம். நடுவுல ஒரு கட்டு வலை இருந்தது. அதோட கயிறு ப்ரொப்பெல்லர்ல சிக்கி மோட்டார் நின்னுச்சு. வலை ரெண்டு முழம் கிழிஞ்சது. வலைக்காரர் ஐம்பது வயசு இருக்கும், கழியை ஊன்றி நிதானமா வந்தார். திட்டுவார்னு எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டு நின்னாங்க. அவர் படகைத் தூக்கிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: ‘இதை நிறுத்தற ஆளு யாரு தம்பி?’

யாருகிட்டயும் பதில் இல்லை. ஏன்னா நிறுத்தற ஆள் ரெண்டு பேரா இருந்தாங்க.

இப்ப ரூல் புக்கைப் பிரிப்போம். இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவா எழுதி வெச்சிருக்கிறது எஃப்.ஆர்.சி. போட்டிக்காரங்க. ஃபர்ஸ்ட்னு ஒரு அமைப்பு, 1992-ல் அமெரிக்காவுல ஆரம்பிச்ச ஸ்கூல் பசங்க போட்டி. ஸ்கூல்தானேன்னு அசால்ட்டா நினைக்காதீங்க பாஸ். பேட்டரியோட சேர்த்தா ஒரு ரோபோ 50 கிலோவைக்கூடத் தாண்டலாம். ஒரே மைதானத்துல ஆறு ரோபோ மோதிக்கிட்டு ஓடும். 2015-ல் இருந்து அவங்க ரோபோவுக்கு ‘ரோபோரியோ’ங்கிற ஒரே கன்ட்ரோலர்தான் தலைவர். (2027 சீசனுக்கு வேற கன்ட்ரோலர்னு அறிவிச்சாங்க. தலைவர் மாறினாலும் தலைவர் ஒருத்தர்தான்.) ஆனா துணை ப்ராசஸர் கூடாதுன்னு எந்த விதியும் கிடையாதுன்னு அந்தப் புத்தகத்துலயே விளக்கம் போட்டிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனை. மோட்டாருக்குப் போற மின்சாரத்தைக் கையாளுற ஒவ்வொரு கருவிக்கும் ‘ஓடு, நில்லு, இவ்வளவு வேகம்’ங்கிற உத்தரவு தலைமை கன்ட்ரோலர்ல இருந்துதான் கிளம்பணும்.

அதாவது, ராஸ்பெரி பை வைக்கலாம், ஜெட்சன் வைக்கலாம், லைம்லைட் கேமரா வைக்கலாம். அதுங்க பார்க்கலாம், கணக்குப் போடலாம், ‘இலக்கு இடது பக்கம் 12 டிகிரி’ன்னு ஓதலாம். மோட்டார்ல கை வைக்கக் கூடாது. கலர் கலரா எல்.இ.டி. எரிய விடறதுக்கு அர்டுயினோ வெச்சுக்கிட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க. விளக்கு யாரையும் இடிக்காது இல்லையா!

ஏன் இவ்வளவு கறார்? மைதானத்துல நடுவர் பக்கம் இருந்து ‘நிறுத்து’ன்னு சிக்னல் போனா, அது போய்ச் சேர்ற ஒரே காது தலைமை கன்ட்ரோலரோடது. அது உடனே எல்லா அவுட்புட்டையும் மூடிடும். ரேடியோ தொடர்பு அறுந்தாலும் மூடிடும். நீங்க ஒரு மோட்டாரை வேற போர்டு கிட்ட கொடுத்தீங்கன்னா, அந்த மோட்டாருக்குக் காதே இல்லைன்னு அர்த்தம். பழவேற்காட்டுல வலது மோட்டாருக்கு நடந்ததும் அதேதான்.

இதுல ஒரு சுவாரஸ்யமான பழைய கதை இருக்கு. 2004-ல் அந்தப் போட்டிக்கு வந்த கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தா உள்ள ரெண்டு பி.ஐ.சி. சிப் இருக்கும். ஒண்ணு பசங்க இஷ்டத்துக்கு ப்ரோக்ராம் எழுத. இன்னொண்ணு பேர் ‘மாஸ்டர்’. அதை மாணவர்கள் தொடவே முடியாது. ரேடியோவைக் கவனிக்கிறதும், நிறுத்தச் சொன்னா நிறுத்தறதும் மாஸ்டர் வேலை. உங்க ப்ரோக்ராம் எவ்வளவு கேவலமா இருந்தாலும் ரோபோ நிக்கும். ‘ரெண்டாவது கன்ட்ரோலர்’னு நாம இன்னிக்குச் சண்டை போடறோம். போட்டி நடத்தினவங்களே இருபது வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு வெச்சுத்தான் கொடுத்தாங்க!

ஆனா, இதைப் படிச்சுட்டு ‘அந்தப் பக்கத்துல வெச்சுக்கலாம்னு போட்டிருந்தாங்க சார்’னு உங்க போட்டி நடுவர்கிட்ட போய் நிக்காதீங்க. போட்டிக்குப் போட்டி ரூல் வேற. அதே ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்துற, கொஞ்சம் சின்ன ரோபோக்களுக்கான எஃப்.டி.சி. பிரிவுல அர்டுயினோ, ராஸ்பெரி பை ரெண்டையும் பேர் சொல்லியே பல வருஷம் தடுத்து வெச்சிருந்தாங்க. அங்கே கவலை பாதுகாப்பு மட்டும் இல்லை, எல்லா டீமும் ஒரே சாமானை வெச்சு விளையாடணுங்கிறதும்தான். நம்ம ஊர் பசங்க உயிரைக் கொடுக்கிற ரோபோகான்ல பார்த்தா கவலையே வேற. 2014-ல் புனேயில நடந்த ஏ.பி.யு. ரோபோகானுக்குத் தலைப்பே பெற்றோர் பாசம்! ‘பேரன்ட்’ ரோபோவை மனுஷன் இயக்கலாம், ‘சைல்டு’ ரோபோ தானா இயங்கணும். அங்கே உள்ள எத்தனை போர்டுங்கிறதைவிட, குழந்தைக்கு வெளியில இருந்து மனுஷன் சொல்லிக் கொடுக்கிறானாங்கிறதுதான் கேள்வி. அதனால முதல்ல உங்க ரூல் புக் எதைப் பார்த்து பயப்படுதுன்னு கண்டுபிடிங்க. மோட்டார் கட்டுப்பாடு தப்பிடும்னா? காசு இருக்கிற காலேஜ் ஜெயிச்சுடும்னா? மனுஷன் திருட்டுத்தனமா ஓட்டுவான்னா? எதைப் பார்த்து பயப்படுதோ, அதை வெச்சுத்தான் உங்க ரெண்டாவது போர்டுக்கு என்ன வேலை கொடுக்கலாங்கறது தெரியும். சந்தேகம்னா போட்டிக்கு முன்னாடியே எழுதிக் கேட்டு, பதிலை பிரின்ட் எடுத்துக் கையில வெச்சுக்கோங்க. இன்ஸ்பெக்‌ஷன் டேபிள்ல ‘அந்த சார் ஃபோன்ல சொன்னாரு’ங்கிறது செல்லாது.

ரூல்னு சொன்னதும் ஞாபகம் வருது. வலை கிழிஞ்ச அன்னிக்கு அந்த ஊர்ப் பையனுக்கு அவங்க மாமாகிட்ட கிடைச்சது தனி அர்ச்சனை. ‘இன்னிக்கு அது யார் பாடுன்னு கேட்டியாடா? கேக்காம எப்டிடா எறங்குன?’ பழவேற்காட்டுக் குப்பங்கள்ல ‘பாடு’ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில எந்த இடத்துல, எந்த வலையை, எந்த முறையில யார் போடலாங்கிறதை ஊரே கூடி வெச்சிருக்கிற ஏற்பாடு. சர்க்கார் போட்ட சட்டம் இல்லை. முறை வந்தவர் போடுவார், அடுத்தவர் காத்திருப்பார். நல்ல இடம் ஒருத்தருக்கே போயிடாது, ரெண்டு வலை ஒண்ணு மேல ஒண்ணு விழாது. வலை பின்னுறதுல, கட்டுறதுல, தண்ணி ஓட்டம் பார்க்கிறதுல எவ்வளவு சாமர்த்தியம் வேணா காட்டு, யாரும் தடுக்கலை. ஆனா அடுத்தவன் பாட்டுல கை வைக்காதே. ரோபோ ரூல் புக்கை முந்நூறு பக்கம் புரட்டறதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அந்த டீம் அடுத்த தடவை, காலையில முதல் வேலையா ஊருல கேட்டு, வலையும் ஆளும் இல்லாத ஓரமா இடம் வாங்கிட்டுத்தான் படகை இறக்கினாங்க.

அதே மாமா படகுல நாங்க ஏறினப்ப இன்னொண்ணு கவனிச்சேன். பின்னாடி இன்ஜினைப் பிடிச்சிருந்தது மாமா. முன் அணியத்துல ஒரு பையன் கழியோட நின்னு, அப்பப்ப ஊன்றிப் பார்த்து ‘மேடு... மேடு... இப்டி வா’ன்னு குரல் கொடுத்துக்கிட்டே வந்தான். மாமாவுக்கு முன்னாடி இருக்கிற மணல்திட்டு தெரியாது. பையனுக்கு இன்ஜின் கிட்டயே வேலை கிடையாது. அவன் குரல் நின்னுடுச்சுன்னு வைங்க, மாமா என்ன பண்ணுவார்? வேகத்தைக் குறைச்சுட்டு ‘இன்னாடா ஆச்சு’ம்பார். கடைசியா அவன் சொன்ன திசையிலயே கண்ணை மூடிக்கிட்டு ஓட்ட மாட்டார். இவ்வளவுதாங்க கோ-ப்ராசஸர் தத்துவம்! பி.சி.ஏ. 9685-க்கு இல்லாத புத்தி அந்த மூணாவது விஷயம்தான். குரல் நின்னா வேகத்தைக் குறை.

‘நிறுத்தற அதிகாரம் தனியா இருக்கணும்’கிறதுக்கு இன்னும் பெரிய பாடம் பழவேற்காட்டுக்கு நேர் வடக்கே நிக்குது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவுல நீளமா படுத்திருக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புற நாள்ல இந்த ஊர் மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு அறிவிப்பு வரும். அன்னிக்கு வருமானம் கட். ‘பெரிய கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சுத்தானே விடறாங்க, அப்புறம் எதுக்கு எங்களைத் தடுக்கணும்?’னு யாராவது கேட்டா, 2010 டிசம்பர் 25-ஐச் சொல்லலாம்.

அன்னிக்கு ஜி.எஸ்.எல்.வி.-எஃப்06 ராக்கெட், ஜிசாட்-5பி செயற்கைக்கோளோட கிளம்புச்சு. ராக்கெட்டோட கம்ப்யூட்டர் இருக்கிறது உச்சிக்குப் பக்கத்துல. திசை திருப்ப வேண்டிய முதல் கட்ட மோட்டார்கள் இருக்கிறது அடியில. நடுவுல வயர், கனெக்டர். கிளம்பி ஐம்பது வினாடிகூட ஆகலை. க்ரையோஜெனிக் கட்டத்தோட அடிப்பகுதியில இருந்த பத்து கனெக்டர்கள் நேரம் வர்றதுக்கு முன்னாடியே கழண்டுடுச்சு. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருந்தது, மோட்டாரும் நல்லாத்தான் இருந்தது. உத்தரவு மட்டும் கீழே போய்ச் சேரலை. ராக்கெட் சாய ஆரம்பிச்சு, 54-வது வினாடி வாக்குல உடைஞ்சது. 64-வது வினாடியில ரேஞ்ச் சேஃப்டி அதிகாரி தரையில இருந்து அழிப்பு உத்தரவு கொடுத்தார்.

அந்த அழிப்பு உத்தரவு போற வழியைக் கவனிங்க. ராக்கெட்டை ஓட்டுற கம்ப்யூட்டர்கிட்ட ‘தயவுசெய்து உன்னை அழிச்சுக்கோ’ன்னு கேட்டுக்கிட்டு நிக்கறதில்லை. அதுக்குத் தனி ரிசீவர், தனிப் பாதை. ஓட்டறவன் மயங்கினாலும் நிறுத்தறவன் முழிச்சிருக்கணும். கடல்ல படகு இருக்கக் கூடாதுங்கிறதும் இதே பயத்தோட இன்னொரு பாதி.

தண்ணிக்குள்ள போற ரோபோ போட்டிகள்லயும் இதேதான் சட்டம். அமெரிக்காவுல நடக்கிற ரோபோசப் போட்டிக்கு நம்ம ஐ.ஐ.டி. பம்பாய் பசங்க ‘மத்ஸ்யா’ன்னு தானியங்கி நீர்மூழ்கியைக் கொண்டு போயிருக்காங்க. உள்ள எத்தனை போர்டு இருந்தாலும் கேள்வி கிடையாது. ஆனா வெளியில, தண்ணியில நிக்கிற டைவர் கைக்கு எட்டற இடத்துல ஒரு கில் ஸ்விட்ச் இருக்கணும். அதைத் தட்டினா மோட்டாருக்குப் போற கரன்ட்டே கட் ஆகணும். நம்ம பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் மாணவர்களுக்கு ‘சேவ்’னு நீர்மூழ்கி ரோபோ போட்டி நடத்தியிருக்கு. பழவேற்காட்டுல இருந்து பஸ் மாறி மாறிப் போனாக்கூட அரை நாள்ல போயிடலாம் பாஸ், ஆசை இருந்தா விசாரிங்க.

வானத்துல பறக்கிறதுலயும் கதை அதுதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட ‘தக்‌ஷா’ டீமை மறந்திருக்க மாட்டீங்க. நம்ம தல அஜித் ஆலோசகரா இருந்த டீமாச்சே! 2018-ல் ஆஸ்திரேலியாவுல நடந்த யு.ஏ.வி. சேலஞ்ச் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில இரண்டாம் இடம். அந்த மாதிரிப் போட்டிகள்ல, விமானம் எல்லையைத் தாண்டினா பறப்பையே முடிச்சுடற ஏற்பாடு இருந்தே ஆகணும். அதுக்காக ஆர்டுபைலட் மென்பொருள்ல ஒரு அழகான வசதி வெச்சிருக்காங்க. ஃப்ளைட் கன்ட்ரோலர் ஒரு பின்ல ‘டிக் டிக் டிக்’னு இதயத்துடிப்பு மாதிரி சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். வெளியில ஒரு குட்டி போர்டு அதை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கும். துடிப்பு நின்னா, பறப்பை முடிக்கற வேலையை அது பார்த்துக்கும். ரெண்டாவது கன்ட்ரோலருக்கு இதைவிட நல்ல வேலை என்ன கொடுக்க முடியும், சொல்லுங்க? மூளையா வைக்கறதுக்குப் பதிலா காவக்காரனா வைக்கறது.

‘அப்ப பேசாம, ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓட்டட்டும்னு ஒரே மாதிரி ரெண்டு போர்டு வெச்சிடலாமே?’ன்னு கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல் வருது. 1996 ஜூன் 4-ம் தேதி ஏரியன்-5 ராக்கெட்டோட முதல் பயணம். திசை சொல்ற கருவி ரெண்டு, ஒண்ணு ஸ்பேர். ரெண்டுலயும் ஒரே சாஃப்ட்வேர். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் போய் இடம் பத்தாம கருவி படுத்துடுச்சு. சரி, ஸ்பேருக்கு மாறலாம்னு பார்த்தா, அது அதே காரணத்துக்காக 72 மில்லி செகண்டுக்கு முன்னாடியே படுத்திருந்தது. ஒரே நோட்டைப் பார்த்து காப்பி அடிச்ச ரெண்டு பேரும் ஒரே கணக்குல தப்பு விடற கதை. நமக்குத் தெரியாததா!

சரி, நம்ம பசங்க படகை எப்படி மாத்தினாங்கன்னு சொல்றேன். பொழுது சாயறதுக்குள்ள வலைக்காரர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, அவர் சொல்லிக் கொடுக்க கிழிஞ்ச வலையைச் சரி பண்ணிக்கிட்டேதான் புது வயரிங்கையும் வரைஞ்சாங்க.

ரெண்டு மோட்டாரும் மெயின் போர்டுக்கே திரும்பிப் போச்சு. பி.டபிள்யூ.எம். சிப் அவுட். கேமரா போர்டு ஒரு விநாடிக்கு பத்து தடவை ஒரே ஒரு வரி அனுப்பும்: மிதவை எந்தக் கோணத்துல, எவ்வளவு நம்பிக்கையோட. கூடவே ஒரு எண், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடும். எதுக்கு எண்? போர்டு உறைஞ்சு, பழைய வரியே திரும்பத் திரும்ப வந்தா மெயின் போர்டு ஏமாறக் கூடாதில்லையா. அரை விநாடி வரைக்கும் புது எண் வரலைன்னா மோட்டார் நியூட்ரல். மெயின் போர்டே உறைஞ்சுட்டா? அந்தச் சிப்புக்குள்ளயே வாட்ச்டாக் டைமர் இருக்கு, அதை ஆன் பண்ணினா போதும், தட்டி எழுப்பிடும். எழுந்ததும் முதல் வேலை மோட்டாரை நிறுத்தறதுன்னு எழுதிட்டாங்க. தாமதம்னு சொல்லி ஷார்ட்கட் எடுத்தாங்களே, அது என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? அளந்து பார்த்தா, போர்டு விட்டு போர்டு போற நேரம் ஒண்ணுமே இல்லை. படத்தை முழு சைஸ்ல அலசினதுதான் நேரத்தைத் தின்னுருக்கு. சின்னதாக்கினதும் சரியாயிடுச்சு.

ஸ்டாப் பட்டனுக்குத் தனி ரிசீவர், தனி ரிலே. பேட்டரியில இருந்து மோட்டாருக்குப் போற வயர்லயே அந்த ரிலே உட்கார்ந்திருக்கு. சிக்னல் இருக்கிற வரைக்கும்தான் அது மூடியிருக்கும். ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும், தண்ணிக்குள்ள விழுந்தாலும், தூரம் அதிகமானாலும் தானா திறந்து மோட்டார் செத்துடும். இந்த வழியில எந்த ப்ரோக்ராமும் கிடையாது. நடுவுல நிக்க யாரும் இல்லை.

நீங்களும் இப்படி ரெண்டு போர்டு கட்டறதா இருந்தா சின்னச் சின்ன விஷயத்துல கவனம். மெகாவோட பின் 5 வோல்ட், ராஸ்பெரி பை மாதிரி போர்டுகளோட பின் 3.3 வோல்ட். நேரா இணைச்சா பின் காலி. நடுவுல லெவல் ஷிஃப்டர் போடுங்க, இல்லைன்னா யு.எஸ்.பி. கேபிள்லயே பேச விடுங்க. ரெண்டு போர்டோட கிரவுண்டும் சேர்ந்திருக்கணும், ஆனா பவர் தனித்தனியா இருக்கட்டும். மோட்டார் திடீர்னு கிளம்பறப்ப வோல்டேஜ் ஒரு கணம் தொங்கும், கம்ப்யூட்டர் போர்டு மயங்கி ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் ‘கோடிங்ல பக்’னு ராத்திரி பூரா தேடிக்கிட்டு இருப்பீங்க. உப்புத் தண்ணின்னா கனெக்டர்ல வாசலைன் தடவுங்க. பழவேற்காட்டு ஏரியில கோடையில உப்பு ஏறும், மழைக்கு இறங்கும், எப்ப போனாலும் பித்தளைக்குப் பச்சை பூக்கும்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளுக்குப் போறப்ப ஒரு ஏ4 ஷீட்ல வயரிங் படம் வரைஞ்சு எடுத்துட்டுப் போங்க. மோட்டாருக்குப் போற சிக்னல் எல்லாம் சிவப்பு. ரெண்டாவது போர்டுல இருந்து கிளம்புறது எல்லாம் நீலம். நீலக்கோடு ஒண்ணுகூட மோட்டாரைத் தொடக் கூடாது. நடுவர் அப்பவும் நெத்தியைச் சுருக்கினா பேச்சே வேண்டாம். ரோபோவை ஸ்டாண்டு மேல வெச்சு மோட்டாரை ஓட விடுங்க, அவர் கையாலயே அந்த நீல கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்க. அரை விநாடியில நிக்கணும். நம்ம பசங்க இன்ஸ்பெக்‌ஷன்ல இதைத்தான் பண்ணினாங்க. நடுவர் மூணு தடவை பிடுங்கிப் பார்த்தார், மூணு தடவையும் நின்னுச்சு. ஸ்டிக்கர் ஒட்டிட்டார். போட்டியில நாலாவது மிதவையை மிஸ் பண்ணி ஆறாவது இடம் வந்தாங்க, அது வேற விஷயம்.

அடுத்த வாரம்: லித்தியம் பேட்டரியை வெச்சுக்கிட்டு ட்ரெயின் ஏறலாமா? கேள்விகளை அனுப்பி வைங்க!